அரை கப் என்றால் யார் வீட்டு கப்?

"நீ எந்த சேனல் பார்த்து சமைக்கிற, லிங்க் அனுப்பு" என்று நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். புதிதாகத் தனிக்குடித்தனம், ஊர் விட்டு ஊர், ஹோட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது, கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெறும் லிங்க்கை அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்வதும் அவர் செய்வதும் ஒரே மாதிரி வராது, வராதபோது அவர் தன் கைப்பக்குவத்தைத்தான் திட்டிக்கொள்வார். கைப்பக்குவம் பாவம், அது என்ன செய்யும். இணையத்தில் கிடக்கும் ஒவ்வொரு ரெசிபியும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில், அவர் வீட்டு மிளகாயில், அவர் ஊர் வெயிலில் சரியாக வந்த ஒன்று. அது யார் வீடு என்று பார்க்காமல் ரெசிபியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் பாதி விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

கப்பில் ஆரம்பிக்கலாம். அமெரிக்காவிலிருந்து எழுதுகிறவர்களின் கப் 240 மில்லி. நம் பாத்திரக்கடைகளில் விற்கும் அளவு கப் செட்டில் சில 240, சில 250, அது பெரிய வித்தியாசமில்லை, விட்டுவிடலாம். ஆனால் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் வருமே, அது பெரும்பாலும் 180 மில்லி. ஜப்பான்காரர்களின் பழைய அரிசி அளவு குக்கரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய்விட்டது. அந்தக் கப்பில் அரிசியை அளந்துவிட்டு, "ஒன்றுக்கு இரண்டு தண்ணீர்" என்று படித்ததை நம்பி அளவு கப்பில் தண்ணீர் ஊற்றினால் கணக்கு ஒன்றுக்கு இரண்டரையைத் தாண்டிவிடும், சாதம் குழைந்து கரண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். எதில் அளந்தாலும் சரி, அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் அளந்துவிட்டால் இந்தச் சிக்கலே கிடையாது. பழைய டம்ளராக இருந்தாலும் போதும்.

ஸ்பூன் இதைவிட மோசம். டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20. தமிழில் குறிப்பு எழுதுகிற பலர் வெறுமனே "ஸ்பூன்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மல்லித்தூளில் பரவாயில்லை, உப்பில் மூன்று மடங்கு வித்தியாசம் வந்தால் அந்தக் குழம்பை யார் சாப்பிடுவது? உப்பிலும் கல் உப்பா பொடி உப்பா என்று ஒன்று இருக்கிறது. கல் உப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு உட்காரும், அதனால் அதே ஸ்பூனில் எடை குறைவு. "உப்பு 2 ஸ்பூன்" என்று படித்தால் நான் முதலில் வீடியோவை நிறுத்தி அவர் கையில் இருப்பது கல்லா பொடியா என்று பார்ப்பேன்.

குழம்பு, கூட்டு, பொரியலில் இதெல்லாம் ருசி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கேக், பிஸ்கட், பர்ஃபி என்று போனால் முடியாது. ஒரு கப் மைதாவை லேசாகத் தூவி அளந்தால் 120 கிராம், மாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். ரெசிபி எழுதியவர் எப்படி அள்ளினார் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் வீட்டில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைப்பது நல்லது, சில நூறு ரூபாய்தான். கிராமில் எழுதுகிற ஆளைக் கண்டால் எனக்கு உடனே ஒரு நம்பிக்கை வந்துவிடும். அவர் செய்துபார்த்துத்தான் எழுதுகிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இது நெட் வந்த பிறகு வந்த தலைவலி என்றும் சொல்ல முடியாது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்கிற சமையல் புத்தகம் 1951-ல் வந்தது. அந்தக் காலத்து அளவுகளில் ஒன்று ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி, சரி, ஆனால் எந்தப் படி? பட்டணம் படி என்று ஒன்று, சின்னப்படி என்று ஒன்று, ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் புத்தகத்தை வைத்துச் சமைத்த தலைமுறைக்கு ஒரு வசதி இருந்தது, பக்கத்தில் அத்தையோ மாமியாரோ இருந்தார்கள், "அவ்வளவு போடாதே" என்று கையைப் பிடிப்பார்கள். இப்போது நான் பாளையங்கோட்டைக்கு போன் போட்டு அம்மாவிடம் அளவு கேட்டால், "அளவு என்னல அளவு, கண்ணளவுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாள். "புளி எலுமிச்சை அளவு" என்று எழுதுகிறவர்களையும் எனக்குக் குறை சொல்லத் தோன்றாது. புதுப்புளி வேறு, கறுத்துப்போன பழம்புளி வேறு, பாட்டில் பேஸ்ட் இன்னொன்று. 20 கிராம் என்று எழுதினால் மட்டும் அது துல்லியமாகிவிடுமா என்ன.

அடுத்தது மிளகாய்த்தூள். பெரும்பாலான குழம்பு ரெசிபி சொதப்புவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. எங்கள் பக்கம், இன்னும் பல வீடுகளிலும், மிளகாயும் மல்லியும் மற்ற சாமான்களும் சேர்த்து மில்லில் திரித்து வைப்பதுதான் குழம்புத்தூள், அதையே பேச்சுவாக்கில் மிளகாய்த்தூள் என்றும் சொல்வார்கள். அந்த வீட்டு ஆள் "மிளகாய்த்தூள் 3 ஸ்பூன்" என்று வீடியோவில் போடுவார். நீங்கள் கடையில் வாங்கிய தனி மிளகாய்த்தூளை 3 ஸ்பூன் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். தனித்தூள் என்றாலும் எந்த மிளகாய்? ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் காரமும் மணமும் ஒரு தினுசு. குண்டூர் சன்னம் உறைப்பு. நான் இருக்கும் பெங்களூரில் கடைக்குக் கடை பியாடகி கிடைக்கும், நீளமாக, தோல் சுருங்கி இருக்கும், நிறம் அள்ளிக்கொண்டு வரும், காரம் கம்மி. வட இந்திய சேனல்களில் வரும் அந்தச் சிவப்பு கிரேவி எல்லாம் காஷ்மீரி மிளகாய் செய்யும் வேலை. திரையில் ரத்தச் சிவப்பாகத் தெரிகிறதே என்று நம் ஊர்த் தூளை அதே நிறம் வருகிற வரைக்கும் கொட்டினால் அப்புறம் மோர்தான் குடிக்க வேண்டும். பேச்சை வைத்தே ஒருவர் எந்த ஊர் என்று ஓரளவு பிடித்துவிடலாம், ஊரைப் பிடித்துவிட்டால் தூளைப் பிடித்த மாதிரி.

குக்கர் விசில். "3 விசில் விட்டு இறக்கவும்" என்று எழுதாத தமிழ் சமையல் பக்கமே இல்லை. உள்ளே அழுத்தம் ஏறி ஏறக்குறைய 120 டிகிரியில் பருப்பு வேகிறது, மிஞ்சிய ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற சத்தம்தான் விசில். அடுப்பைப் பெரிதாக வைத்தால் மூன்று விசிலும் தடதடவென்று வந்துவிடும், சிம்மில் வைத்தால் ஒன்று வருவதற்கே பத்து நிமிடம் ஆகும். 2 லிட்டர் குக்கரின் மூன்று விசிலும் 5 லிட்டர் குக்கரின் மூன்று விசிலும் ஒன்றாகுமா? வெந்தது எத்தனை நேரம் என்பதுதான் கணக்கு. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து இத்தனை நிமிடம் என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் குக்கரில் ஊறிய துவரம்பருப்புக்கு எட்டு நிமிடம் போதும், ஊறிய கொண்டைக்கடலைக்கு இருபது நிமிடம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர், அதாவது கடினத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையாது, பெங்களூரில் போர்வெல், டேங்கர் தண்ணீரில் சமைக்கிறவர்களுக்கு இது தெரியும். புளியையோ தக்காளியையோ முதலிலேயே பருப்போடு போட்டாலும் அப்படித்தான், விறைத்துக்கொண்டு நிற்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் எழுதிய "அரை மணி நேரத்தில் வெந்துவிடும்" இங்கே கொஞ்சம் இழுக்கும். பருப்பு பழசு என்று மளிகைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதையெல்லாம் யோசிக்கலாம்.

இட்லி மாவுக்கும் இதே கதை. "எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும்" என்று எழுதியவர் சென்னையிலோ மதுரையிலோ இருந்திருப்பார், அதுவும் கோடையாக இருந்திருக்கும். டிசம்பர் ராத்திரியில் பெங்களூரில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தாலும் சில நாள் அசையாது. பொங்க வைப்பது உளுந்தோடு வரும் பாக்டீரியா, முக்கியமாக லியூகோனாஸ்டாக் என்கிற வகை, அதற்குக் கதகதப்பு வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட் போடு, சோடா உப்பு போடு என்று சொல்லும் வீடியோக்களை நான் அந்த இடத்திலேயே மூடிவிடுவேன். விளக்கு மட்டும் போட்ட ஓவனுக்குள் வைக்கலாம், வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் இறக்கி வைக்கலாம். மணியைப் பார்க்காமல் மாவைப் பார்க்கச் சொல்கிறவர்தான் விஷயம் தெரிந்தவர். அளவு எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும், ஓரத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினால் உள்ளே வலை மாதிரி ஓட்டை தெரிய வேண்டும், வாசனை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்.

இனி வீடியோவா எழுத்தா என்கிற சண்டை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் வீட்டுக்கு வீடு சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்கள், அதுவரை வலைப்பூக்களில் படம் படமாகப் போட்டு எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலரும் கேமரா பக்கம் போய்விட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. தாத்தாவும் பேரன்களும் வயலில் நின்று அண்டா அண்டாவாகச் சமைப்பதைப் பார்க்க அலாதியாக இருக்கும், நானும் சாப்பிடும்போது பார்ப்பவன்தான், ஆனால் அதைப் பார்த்து இரண்டு பேருக்குச் சமைக்க முடியாது, அவர்களும் அதற்காக எடுப்பதில்லை. நூறு பேர் அளவை ஐம்பதால் வகுத்தால் இரண்டு பேர் அளவு வந்துவிடாது. மிளகாயையும் மல்லியையும் வகுக்கலாம். தண்ணீரை வகுக்க முடியாது, ஆவியாகிப் போவது பாத்திரத்தின் வாய் அகலத்தையும் நேரத்தையும் பொறுத்தது. வீட்டில் சின்னச் சட்டியில் செய்யும்போது அடிபிடிப்பதும், பிரியாணியை இரண்டு மடங்காகச் செய்யும்போது குழைவதும் இதனால்தான். இரண்டு மடங்கு அரிசிக்கு இரண்டு மடங்கை விடக் கொஞ்சம் குறைவாகவே தண்ணீர் போதும்.

வீடியோவில் நல்லது ஒன்று உண்டு, பதம் கண்ணுக்குத் தெரியும். கெட்டது, நேரம் தெரியாது. "வெங்காயம் பொன்னிறமாக வதங்கட்டும்" என்பார், அடுத்த நொடி வதங்கியிருக்கும். நடுவில் வெட்டப்பட்டது இருபது நிமிடம். அரை கிலோ வெங்காயம் பிரியாணிக்குச் சிவக்க அவ்வளவு நேரம் சாதாரணமாகப் பிடிக்கும், ஐந்து நிமிடத்தில் ஆகிறது என்று எழுதுகிறவர் எண்ணெயில் பொரிக்கிறார், இல்லை என்றால் பொய் சொல்கிறார். வேலைக்குப் போய்விட்டு வந்து எட்டு மணிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறவருக்கு இந்த இருபது நிமிடம் பெரிய விஷயம். அதனால் நான் முதலில் எழுத்தில் தேடுவேன், எழுத்தில் அளவையும் நேரத்தையும் எடுத்துக்கொள்வேன், பதம் மட்டும் சந்தேகமென்றால் வீடியோவில் அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் பார்ப்பேன். எழுத்துப் பக்கங்களில் ரெசிபிக்கு முன்னால் வரும் நீண்ட கதை, நடுநடுவே விளம்பரம், இதற்கெல்லாம் கோபப்பட்டுப் பயனில்லை. ரெசிபி இலவசம், விளம்பரம்தான் அவர்களுக்கு வருமானம். நேராக ரெசிபிக்குப் போகும் பொத்தான் மேலேயே இருக்கும், அதைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சில பேருடைய கதையில்தான் எந்த அரிசி, எந்தக் கடாய், ஏன் முதல் ஈடு சரியாக வரவில்லை என்பதெல்லாம் இருக்கும். அந்தக் கதையைத் தாண்டாதீர்கள்.

அதிரசம் நல்ல உதாரணம். பொருள் இரண்டே இரண்டு, பச்சரிசி ஈர மாவும் வெல்லமும், ஏலக்காயும் சுக்கும் வாசனைக்கு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பொருள் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதிரசம் என்றாலே பாகு. பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும். தக்காளிப் பதம் என்று சொல்வார்கள். அதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து மண்ணாகப் போகும், தாண்டி முற்றிவிட்டால் ஆறியதும் கல். இந்த "மெத்தென்று" என்பதைக் கேமராவால் காட்டவே முடியாது. ஆக நான் தேடுவது "அதிரசம் செய்வது எப்படி" என்று இல்லை, "அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகிறது" என்று. தப்பைத் தேடினால் அந்தத் தப்பைப் பார்த்தவர்கள் எழுதியது வரும். பிரிகிறது என்றால் கொஞ்சம் மாவு கூடச் சேர்த்துப் பிசை, ஒரு நாள் ஊறவிட்டுத் தட்டு, எண்ணெய் ரொம்பக் காய வேண்டாம் என்றெல்லாம் யாரோ ஒரு பாட்டி பொறுமையாகப் பதில் போட்டிருப்பார், ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு. எனக்குத் தெரிந்து நெட்டில் கிடைக்கும் சமையல் அறிவில் பெரும்பகுதி வீடியோவுக்குக் கீழே அந்தப் பதில்களில்தான் கிடக்கிறது. மைசூர்பாகு, முறுக்கு, இடியாப்பம் எல்லாவற்றுக்கும் இப்படித் தேடிப்பாருங்கள். "முறுக்கு எண்ணெய் குடிக்கிறது", "இடியாப்பம் பிழிய வரவில்லை". பெயரைத் தேடினால் வராத விவரமெல்லாம் வரும்.

சொதிக்கு வேறு பிரச்சினை. சொதி என்று தேடினால் இரண்டு சாப்பாடு கலந்து வரும். இலங்கைச் சொதி மஞ்சள் போட்டது, தண்ணியாக, தேங்காய்ப்பாலில் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் மிதக்க, கடைசியில் தேசிக்காய் (அங்கே எலுமிச்சைக்கு அதுதான் பெயர்) பிழிந்து, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வது, மீன் போட்டும் வைப்பார்கள். எங்கள் திருநெல்வேலிச் சொதி கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாட்டில் வருவது, மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வார்கள். இதற்கு மஞ்சள் கிடையாது, புளி கிடையாது, எந்தத் தூளும் கிடையாது. வெந்த பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முழுசாகச் சின்ன வெங்காயமும் பூண்டும், இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது, மூன்று முறை பிழிந்த தேங்காய்ப்பால். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், இரண்டாம் பாலில் கொதிக்க வேண்டும், முதல் பாலை ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதிக்க விட்டால் பாலில் உள்ள புரதம் திரண்டு, திரிந்துபோன மாதிரி ஆகிவிடும். எலுமிச்சை பிழிவது இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் இல்லாமல் சொதி சாப்பிடுகிறவரைத் திருநெல்வேலியில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

இரண்டையும் பிரித்துத் தேட ஊர்ப் பெயரைச் சேர்த்தால் போதும், "திருநெல்வேலி சொதி" என்றோ "யாழ்ப்பாணம் சொதி" என்றோ. ஆம்பூர் பிரியாணி, திண்டுக்கல் பிரியாணி எல்லாம் இப்படித்தான். ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, அரிசியை முக்கால் பதத்தில் வடித்துச் சேர்ப்பார்கள். திண்டுக்கல் என்றால் சீரகச் சம்பா. வெறும் "பிரியாணி" என்று தேடினால் வருவது இது எல்லாவற்றையும் கலந்துகட்டிய ஏதோ ஒன்று. ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுகிறவர்கள் குழம்பை நாலு விதமாக எழுதுவார்கள், ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும், அதனால் தமிழிலேயே ஒரு முறை தேடிவிடுங்கள், முடிவு குறைவாக வந்தாலும் வீட்டுச் சமையலாக வரும்.

அடுத்த மொழிச் சமையலுக்கும் இதையே செய்யலாம். பிஸிபேளேபாத் வேண்டுமென்றால் கன்னட எழுத்தில் தேட வேண்டும், கோங்கூரா பச்சடி என்றால் தெலுங்கில். எழுத்து தெரியாதே என்றால், அந்தச் சாப்பாட்டின் விக்கிபீடியா பக்கத்தைத் திறந்து மொழியை மாற்றி, தலைப்பை அப்படியே நகலெடுத்து யூடியூபில் ஒட்டினால் போதும். பேசுவது புரியாவிட்டாலும் கை என்ன போடுகிறது என்று புரியும். தமிழ்ச் சேனல்களில் வரும் பிஸிபேளேபாத்தில் முக்கால்வாசி நம் சாம்பார் சாதம்தான், பெங்களூரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது புதிதாக ஒன்று, கேட்டால் ஏஐ ரெசிபி எழுதிக் கொடுக்கிறது. கையில் இருக்கும் காயைச் சொல்லி என்ன செய்யலாம் என்று யோசனை கேட்க அது வசதிதான், நானும் கேட்பதுண்டு. ஆனால் அதற்கு வீடும் இல்லை, அடுப்பும் இல்லை, நாக்கும் இல்லை. 2024 மே மாதம் கூகுள் தேடலில் வந்த ஏஐ பதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்க கோந்து சேர்க்கலாம் என்று சொன்னது செய்தியானது. ரெட்டிட் என்கிற இணைய அரட்டைத் தளத்தில் பல வருடங்களுக்கு முன்னால் யாரோ விளையாட்டாக எழுதியதை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கோந்து என்றால் நமக்கே சிரிப்பு வந்துவிடும், ஆபத்தில்லை. சிரிப்பு வராத தப்புகள்தான் பயம். உதாரணத்துக்கு ராஜ்மா. காய்ந்த சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் உண்டு. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் அது போகும். குக்கரில் வேகவைக்கிற நம் வீடுகளில் பிரச்சினையில்லை. ஸ்லோ குக்கரில் ஊறியதும் அப்படியே போட்டு மந்தமான சூட்டில் விடச் சொல்லும் வெளிநாட்டு ரெசிபி எதையாவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். எங்கிருந்து வந்தாலும் ராஜ்மா, கரணைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு போன்றவற்றுக்கு, செய்து சாப்பிட்டு உயிரோடு இருக்கும் ஒரு மனிதர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு ரெசிபி நமக்குச் செட்டாகிவிட்டால் உடனே நம் அளவில் எழுதி வைத்துவிட வேண்டும். லிங்க்கைச் சேமித்து வைப்பது போதாது, பழைய வலைப்பூக்கள் எத்தனையோ காணாமல் போய்விட்டன, வீடியோக்கள் நீக்கப்படுகின்றன. நான் எனக்கே வாட்ஸப் அனுப்பி வைத்துக்கொள்கிறேன், "சொதி, 2 பேர், தேங்காய் 1, பச்சை மிளகாய் 6 (பெங்களூர் மிளகாய், ஊர் மிளகாய் என்றால் 4)" என்கிற மாதிரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் அதில் இருப்பது அவர்கள் வீட்டு அளவு.

இத்தனை சொல்லியும் எனக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது, தூத்துக்குடி மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, மூன்றே பொருள். வீட்டு ஓவனுக்கு என்று எழுதியவர்கள் ஆளாளுக்கு ஒரு டிகிரி சொல்கிறார்கள். சூடு கூடினால் மேலே பழுப்பேறி உள்ளே சவசவ என்று நிற்கிறது, குறைத்தால் காய்வதற்குள் ஈரம் வாங்கிக்கொள்கிறது, அதுவும் பெங்களூர் மழைக்காலத்தில் டப்பாவில் போட்ட மறுநாளே ஒட்டிக்கொள்கிறது. சாதாரண வீட்டு ஓவனில் வெள்ளையாக, வாயில் போட்டதும் கரைகிற மாதிரி யாருக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த மாதம், வெள்ளைக்கரு எத்தனை கிராம் என்பதையும் சேர்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.